நெற்றி காலியாகப் போகக் கூடாது

1

மெல்போர்னுக்கு வந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. இங்கே டான்டினாங் என்கிற இடத்தில் ஒரு முடி திருத்தும் கடையில் வேலை பார்க்கிறேன். ஆணும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொள்கிற கடை. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அப்புறம் பழகிப்போச்சு. இனிமேல் இந்த ஊரில் என்னைத் தூக்கிவாரிப் போட ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், போன திங்கட்கிழமை வரைக்கும்.

திங்கட்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. ஆனாலும் எல்லாரையும் வரச் சொல்லிவிட்டார்கள். வாடிக்கையாளரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று ஒரு நாள் வகுப்பு. பாடம் நடத்த வந்தவள் பெயர் ட்ரேசி. என் வயதில் பாதிதான் இருக்கும். நல்ல பெண், வாய் ஓயாமல் சிரித்தபடியே பேசினாள். வருகிறவரைப் பெயர் சொல்லி வரவேற்க வேண்டுமாம். காபி வேண்டுமா, டீ வேண்டுமா என்று கேட்க வேண்டுமாம். அதுவரைக்கும் சரி. அதற்கப்புறம் சொன்னாள் பாருங்கள், எனக்குப் பகீர் என்றது.

முடி வெட்டும்போது வீட்டு விஷயம் கேட்க வேண்டுமாம். கணவர் எப்படி இருக்கிறார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்றெல்லாம். அவர்கள் சொல்வதை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை வரும்போது நாமே எடுத்துக் கேட்க வேண்டுமாம். “போன தடவை உங்கள் கணவரோடு சண்டை என்றீர்களே, இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் அவர்கள் மனம் குளிர்ந்து போவார்களாம். அடப்பாவிகளா! நான் தொழில் கற்றுக்கொண்ட கடையில் இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால், அந்த அம்மா பாதி வெட்டிய தலையோடு எழுந்து ஓடியிருப்பாள்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவள் டாலி ஆன்ட்டி. முதல் நாளே அவள் சொன்ன சட்டம் நேர்மாறானது. “நீயா எதையும் கேக்காத. அவங்களா சொன்னா காதுல வாங்கிக்க. படி எறங்கினதும் மறந்துடு. இது பார்லர், போலீஸ் டேசன் இல்ல.”

கடைசியாக ட்ரேசி எங்களை வட்டமாக உட்கார வைத்து, “உங்கள் வாழ்க்கையில் நீங்கள் பார்த்த மிகச் சிறந்த வாடிக்கையாளர் கவனிப்பு எது? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்” என்றாள். ஒருத்தி, கிழிந்துபோன செருப்பைக் கடைக்காரன் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுத்த கதை சொன்னாள். இன்னொருத்தி, ஹோட்டலில் பிறந்தநாள் கேக் வந்த கதை சொன்னாள். என் முறை வந்தது. என் இங்கிலீஷ் வேலைக்குப் போதும், கதைக்குப் போதாது. ஆனாலும் அந்த வட்டத்தில் ஊமையாக உட்கார மனசு வரவில்லை. நான் தொழில் கற்றுக்கொண்ட கரையான்சாவடி கடையின் கதையைச் சொன்னேன். அங்கே அரைகுறையாகச் சொன்னதை உங்களுக்கு ஒழுங்காகச் சொல்கிறேன்.

2

எண்பதுகளின் நடுவில், மெட்ராஸுக்கு மேற்கே எங்கள் பக்கம் பியூட்டி பார்லர் என்றாலே ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். சினிமாக்காரிகள் போகிற இடம், அல்லது அதைவிட மோசமான இடம் என்று நினைப்பு. எங்கள் வீடு பாரிவாக்கத்தில். அப்பா நாற்று நட்டுக் களை பறித்த தலைமுறையிலிருந்து தப்பித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மிஷினில் நின்றார். அவர் மகள் பார்லருக்கு வேலைக்குப் போகிறாள் என்றதும் தெருவே வாயில் கை வைத்தது. அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

கரையான்சாவடி மெயின் ரோட்டில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே மாடியில் இருந்தது கடை. படியின் கீழேயே போர்டு: பெண்களுக்கு மட்டும், ஜென்ட்ஸுக்கு அனுமதி இல்லை. டாலி ஆன்ட்டி பெரம்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண். கவுன் போட்டுக்கொண்டு, குதிகால் செருப்பு டக் டக்கென்று சத்தம் போட வருவாள். வாயைத் திறந்தால் மட்டும் பச்சை மெட்ராஸ் பாஷை. “இன்னாமே நிக்கிற? ஒக்காரு, தலைய அவுரு” என்பாள். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த கவுனும் அந்தப் பேச்சும் ஒட்டவே ஒட்டாது, திகைத்துப் போவார்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் திருட்டுத்தனமாகத்தான் வருவார்கள். காய்கறி வாங்கப் போகிறேன் என்று பையோடு வருவார்கள். புருவம் திருத்திக்கொண்டு, சிவந்த இடத்தில் மஞ்சளைத் தடவி மறைத்துக்கொண்டு போவார்கள். முகத்துக்கு ஏதாவது செய்துகொள்ள உட்காரும்போது நெற்றியில் இருக்கிற ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டுவார்கள். கண்ணாடியைச் சுற்றி எத்தனை நிறம், எத்தனை அளவு! பாதிப் பேர் திரும்ப எடுத்து வைக்க மறந்துவிடுவார்கள். அப்படித்தான் ஒரு அம்மா வெறும் நெற்றியோடு வீட்டுக்குப் போய், அவள் மாமியார் அலறி, அது பெரிய ரகளையாகி, அவள் மறுபடி கடைப் பக்கம் வரவே இல்லை.

விஷயம் தெரிந்த அன்றைக்கே டாலி ஆன்ட்டி ஒரு வெள்ளித் தட்டும் குங்குமமும் வாங்கி வந்தாள். அவள் நெற்றியில் பொட்டு கிடையாது, கழுத்தில் சிலுவைதான். ஆனாலும் வாசலில் தட்டோடு நின்று, கிளம்புகிற ஒவ்வொருத்தி நெற்றியிலும் தானே ஒரு பொட்டு வைத்து அனுப்புவாள். “என் கடையிலேர்ந்து எவளும் நெத்தி காலியா போவக் கூடாது” என்பாள். அதற்கு அப்புறம் கடைக்கு நல்ல பேர் வந்தது. பரவாயில்லை, குடும்பப் பாங்கான இடம்தான் என்று பேச ஆரம்பித்தார்கள். இரண்டொரு மாமியார்களே மருமகளைக் கூட்டிக்கொண்டு படி ஏறி வந்தார்கள்.

இதெல்லாம் இங்கே ஆஸ்திரேலியாவில் ஒருத்தனுக்கும் புரியாது. நான் இங்கே வந்ததும் லைசென்சுக்கு மனுப் போட்டபோது, அந்த அதிகாரி எந்தக் கல்லூரியில் பயிற்சி என்று கேட்டார். “டாலி ஆன்ட்டி” என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அத்தனை வருஷம் செய்த வேலை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்து வந்த பிள்ளைகள் பொம்மைத் தலையில் முடி வெட்டிப் பழகினார்கள், நானும் அவர்களோடு உட்கார்ந்து பொம்மைக்கு வெட்டினேன். அழுகையாக வந்தது.

3

ஒரு நாள் மதியம் ஒரு பெண் படி ஏறி வந்தாள். இருபத்திநாலு, இருபத்தஞ்சு வயது இருக்கும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். பெயர் மல்லிகா, ஆவடிக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஆவடியிலேயே ஒரு பார்லர் இருக்கும்போது இவ்வளவு தூரம் ஏன் வந்தாள் என்று எனக்குக் கேட்க நாக்கு துடித்தது. டாலி ஆன்ட்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

மல்லிகா கொண்டையை அவிழ்த்தாள். எனக்குத் திக்கென்றது. இடுப்புக்குக் கீழே தொங்கும் நீள முடி, ஆனால் மாதக்கணக்கில் சீப்பே படாதது. சிக்கு விழுந்து, திரி திரியாகச் சேர்ந்து, உள்ளே விரல் நுழையவில்லை. “கழுத்தோட வெட்டிடுங்க ஆன்ட்டி. நாளைக்கு ஒரு ஆபீசுல வரச் சொல்லிக்கீறாங்க, வேலைக்கு. மனுஷி மாதிரி போவணும்” என்றாள்.

ஏன் இப்படி விட்டாய் என்று டாலி ஆன்ட்டி கேட்கவில்லை. முடியைக் கையில் தூக்கி எடை பார்ப்பதுபோல் பார்த்தாள். “வெட்றது ரெண்டு நிமிசம். வெட்னா திரும்ப ஒட்ட முடியாது. மொதல்ல சிக்கை எடுத்துப் பாக்கலாம். முடியலன்னா அப்பால வெட்லாம், இன்னா சொல்ற?” என்றாள். மல்லிகா தலையை ஆட்டினாள்.

நானும் ஆன்ட்டியும் இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி ஊற்றி, நுனியிலிருந்து மேலே மேலே பிரித்துக்கொண்டு போனோம். சிக்குக்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் தலை இழுபடாது. எவ்வளவு பார்த்துச் செய்தாலும் வலிக்கத்தான் வலிக்கும். அவள் ஒரு சத்தம் போடவில்லை. மற்ற வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் வந்து பெஞ்சில் காத்திருந்தார்கள். ஆன்ட்டி அவர்களை உட்கார வைத்தாளே தவிர இவளை அவசரப்படுத்தவில்லை. முடி முழுவதும் பிரிந்து வந்ததும், நுனியை மட்டும் ஒழுங்காகக் கத்தரித்து, தலை அலசி, முகத்தையும் பன்னீர் வைத்துத் துடைத்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்த மல்லிகா, அது தான்தானா என்று நம்பாதவள் மாதிரி பின்னாடி திரும்பிப் பார்த்தாள்.

கிளம்பினாள். வாசலில் ஆன்ட்டி வழக்கம்போல் தட்டோடு நின்றாள். பேசிக்கொண்டே, “நாளைக்கு வேலை கெடைக்கும், போ” என்று சொல்லிக்கொண்டே, கட்டை விரலால் பளிச்சென்று ஒரு பொட்டு வைத்துவிட்டாள். பெண்களின் நெற்றியில் கை போவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி பழக்கம்.

மல்லிகா அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “ஆன்ட்டி, எனக்கு வூட்டுக்காரரு இல்ல. தவறிட்டாரு.”

பெஞ்சில் இருந்த அம்மா “ஐயய்யோ!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். ஏதோ கொலை நடந்த இடத்தில் நிற்பது போல இருந்தது எனக்கு. டாலி ஆன்ட்டியின் சிவந்த முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. “ஜீசஸ்!” என்று பஞ்சை எடுத்துத் துடைக்கப் போனாள்.

மல்லிகா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “இருக்கட்டும் ஆன்ட்டி. பஸ் ஏர்ற வரைக்கும் இருக்கட்டும்.”

இறங்கிப் போய்விட்டாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்ச் சாரியில் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். தலைப்பைப் போர்த்திக்கொள்ளவில்லை. வந்த பஸ் ஒன்றில் ஏறாமல் விட்டுவிட்டாள், அதில் அவ்வளவு கூட்டமே இல்லை. அடுத்த பஸ் தூரத்தில் தெரிந்ததும் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

4

நான் பின்னால் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு விஷயத்தின் சூடு புரியாது. மல்லிகாவின் கணவன் ஆவடியில் அரசாங்க பாக்டரி ஒன்றில் வேலை பார்த்தவன். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். அப்படி வேலையில் இருக்கும்போது செத்தால், கருணை அடிப்படையில் மனைவிக்கு ஒரு வேலை கொடுப்பார்கள். அவள் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால் வீட்டில் வேறு ஒருத்தருக்கு வாங்கலாம். கொழுந்தன் கோபால் அதற்குத்தான் அவளைப் போட்டு நெருக்கிக்கொண்டிருந்தான். அவள் மாட்டேன் என்றுவிட்டு, அந்த வேலைக்குத்தான் மறுநாள் ஆபீசுக்குப் போக இருந்தாள். கையில் பிள்ளையில்லை, போக்கிடமில்லை. அந்த வேலையை விட்டால் ஆயுசுக்கும் அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். இன்னொருத்தனைக் கட்டிக்கொண்டால் வேலை கிடைக்காது என்று அந்தப் பக்கம் எல்லாரும் நம்பினார்கள். சட்டம் என்ன சொல்லுதோ, எனக்குத் தெரியாது.

அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றதைக் கோபாலின் சிநேகிதன் எவனோ பார்த்திருக்கிறான். எங்கள் படியில் இறங்கியதையும் பார்த்திருக்கிறான். வேறென்ன வேண்டும்?

நாலைந்து நாள் கழித்து, கடை திறந்த கொஞ்ச நேரத்தில் படியில் தடதடவென்று சத்தம். முன்னால் கோபால், பின்னால் அவன் அம்மா பச்சையம்மா. அந்த அம்மாவும் தாலியறுத்தவள்தான். கோபால் கைக்குழந்தையாக இருக்கும்போதே புருஷன் போய்விட்டானாம். நெற்றியில் திருநீறு, காதில் ஒன்றுமில்லை. வெயிலில் உழைத்து உழைத்துக் கருத்துக் காய்ந்த உடம்பு. படி ஏறியதில் மூச்சு வாங்கியது.

“ஏய், ஜென்ட்ஸ் வெளிய நில்லு. கீழ போர்டு கீதே, கண்ணு தெர்ல?” என்றாள் டாலி ஆன்ட்டி.

“போர்டாவது ஒண்ணாவது!” என்று அவன் உள்ளே வந்துவிட்டான். “எங்க அண்ணி இங்க வந்தாளா, இல்லியா? அதச் சொல்லு மொதல்ல.”

“யார் வந்தா, யார் போனான்னு நான் சொல்றதில்ல. நாளைக்கு ஒன் பொண்டாட்டி வந்தாலும் ஒன்கிட்ட சொல்ல மாட்டேன்.”

பச்சையம்மா முன்னால் வந்தாள். “ஏம்மா, என் புள்ள செத்து வருசம் திரும்பல. அவ நெத்தில குங்குமத்தோட உன் படி எறங்கிக்கினு போனாளாம். ஊரே சிரிக்குது. எவனைக் கட்டிக்கினா, எங்க வச்சிக் கட்டிக்கினா? ஒனக்குத் தெரியும். சொல்லிடு.”

“கட்டிக்கினான்னு எழுதிக் குடுத்தா போதும், ஆபீசுல வேலை கெடையாதுன்னுடுவான்” என்றான் கோபால். “பாத்தவன் சாட்சி கீறான். நீயும் வந்து சொல்லு. மறைச்ச, உன் கடை இருக்காது பாத்துக்க.”

ஆன்ட்டி உண்மையைச் சொல்லலாம். நான்தான் தெரியாமல் வைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் சொன்னால் மல்லிகா வந்தாள் என்று ஆகிவிடும். புருஷன் செத்த வருஷத்திலேயே பார்லருக்குப் போய் அலங்காரம் பண்ணிக்கொண்டவள் என்று அதையும் எழுதிப் போடுவார்கள். சொல்லாவிட்டால் கல்யாணம் ஆகிவிட்டது என்ற பேச்சே நிலைத்துவிடும். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பெண்ணின் வேலை போச்சு என்றுதான் எனக்குப் பட்டது. நான் ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தேன். அவள் மல்லிகாவின் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அவள் குங்குமத் தட்டை எடுத்தாள். நேராகப் பச்சையம்மாவிடம் போனாள். கட்டை விரலைக் குங்குமத்தில் தொட்டு, அந்தக் கிழவியின் நெற்றியில், திருநீற்றுக்கு மேலேயே, அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள்.

ஐயோ, சாமி! இப்போது எழுதும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. கையில் இருந்த சீப்பை நான் எப்போது கீழே போட்டேன் என்று தெரியவில்லை.

“இந்தக் கடைலேர்ந்து யார் போனாலும் நான் இத வப்பேன்” என்று கத்தினாள் ஆன்ட்டி. “இன்னா ஜாதி, இன்னா மதம், கட்னவளா கட்டாதவளா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்கவும் மாட்டேன். இப்ப ஒனக்கு வச்சிக்கீறேன். சொல்லு, நீ யாரைக் கட்டிக்கினே?” கோபால் பக்கம் திரும்பினாள். “போ, எழுதிப் போடு. எங்கம்மா கரையான்சாவடில ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கினான்னு எழுதிப் போடு. நான் சாட்சிக்கு வரேன்.”

கோபால் கையை ஓங்கிவிட்டான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் அம்மா அவனைப் பார்க்கவில்லை. எங்கள் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணை எடுக்கவே இல்லை. வாய் மட்டும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது.

“கோபாலு, கீழ போய் நில்லு” என்றாள்.

“எம்மா, இவ இன்னா பண்ணிட்டான்னு பாத்தியா? இவள சும்மா...”

“போடான்றேன்!”

அவன் போய்விட்டான். அந்த அம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, “அழிச்சிடு” என்றாள். டாலி ஆன்ட்டி அவளை நாற்காலியில் உட்கார வைத்து, பஞ்சில் கோல்டு கிரீம் தொட்டு, காசு கொடுத்து வந்தவளுக்குச் செய்வது போலவே மெதுவாகத் துடைத்தாள். கறை போகும்வரை இரண்டு மூன்று முறை துடைத்தாள். பச்சையம்மா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினாள்.

எழுந்து படிவரை போனவள் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது. “அவ இங்க வந்து இன்னா பண்ணிக்கினா?”

“யாரு?” என்றாள் டாலி ஆன்ட்டி.

5

இவ்வளவுதான் நான் வகுப்பில் சொன்னது. முடித்ததும் எங்கள் கடையில் முடிக்குச் சாயம் போடுகிற சின்னப் பெண், “ஒரு சிவப்புப் பொடிக்கு ஏன் இவ்வளவு?” என்று கேட்டாள். சொல்லிப் பார்த்தேன். கணவன் இல்லாதவள் வைக்கக் கூடாது என்றேன். யார் சொன்னது என்றாள். எல்லாரும்தான் என்றேன். தண்டனை என்ன என்றாள். அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. தமிழிலேயே கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

ட்ரேசி ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னாள். மிகவும் மனதைத் தொட்ட கதை என்றாள். ஆனால் நம் கடையில் இப்படிச் செய்யக் கூடாது என்றாள். அனுமதி கேட்காமல் ஒரு வாடிக்கையாளர் முகத்தைத் தொட்டது தவறு, இரண்டாவது முறை வேண்டுமென்றே செய்தது தாக்குதல், இங்கே போலீஸ் வரும் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. டாலி ஆன்ட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாளே என்று ஆத்திரம் வந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை மனதுக்குள்ளேயே அவளோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் என் மகள் நித்யாவிடம் ஆறுதலுக்காகச் சொன்னேன். பதிமூன்று வயது. பள்ளிக்கூடத்தில் அவளை நாட் என்று கூப்பிடுகிறார்கள், அதுதான் தன் பெயர் என்று இப்போதெல்லாம் அவளே சொல்கிறாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில். நெற்றியில் பொட்டு வைத்துக்கொள் என்றால், வேண்டாம் என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகிற பெண். சாப்பிட்டுக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு, அதிசயமாகத் தமிழில் கேட்டாள். “டாலி ஆன்ட்டி சாரி சொன்னாங்களா?”

“மல்லிகாகிட்டயா?”

“இல்லம்மா. அந்த ஓல்டு லேடிகிட்ட.”

இத்தனை வருஷமாக இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் மல்லிகாவுக்காக உச்சுக்கொட்டுவார்கள், டாலி ஆன்ட்டிக்காகக் கை தட்டுவார்கள். பச்சையம்மாவையும் ஒரு மனுஷியாக நினைத்து யாரும் கேட்டதே இல்லை, நானும் நினைத்ததில்லை. தமிழே வராத என் பெண் போய் அந்தக் கிழவி பக்கத்தில் நிற்கிறாள்.

“சாரி சொல்லல” என்றேன். அது உண்மை. ஆனால் அன்றைக்கு அவர்கள் போன பிறகு டாலி ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “நான் பண்ணது தப்பா செல்வி?” என்று என்னைக் கேட்டாள். மறுநாளிலிருந்து அவள் வாசலில் தட்டோடு நிற்கவில்லை. தட்டைக் கண்ணாடி மேசை மேல் வைத்துவிட்டாள். வேண்டியவர்கள் தாங்களே எடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்றாள். பேச்சு வெளியில் பரவிக் கூட்டம் பாதியாகக் குறைந்தது. தாலியறுத்தவளுக்கெல்லாம் குங்குமம் வைக்கிற கடை என்று பேர் வந்துவிட்டது. பழைய வாடிக்கைக்காரர்களே எதிர்ச் சாரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கடையை மூடிவிட்டுப் பெரம்பூருக்கே போய்விடலாமா என்றுகூட ஆன்ட்டி ஒரு நாள் சொன்னாள்.

6

வகுப்பில் நான் சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது. ஒரு கடைக்கான பாடம் எதுவும் அதில் இல்லை என்று விட்டுவிட்டேன். நித்யா கேட்ட பிறகு, அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மல்லிகாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதையே நாங்கள் அவள் கடைக்கு வந்த அன்றுதான் தெரிந்துகொண்டோம். மதிய நேரம், கடையில் ஈ காக்கை இல்லை. படியில் இரண்டு பேர் ஏறி வரும் சத்தம். முதலில் மல்லிகா வந்தாள், பாக்டரி பாஸ் கழுத்தில் தொங்கியது. பின்னால் பச்சையம்மா. மறுபடியும் ஒரு யுத்தம் என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் ஒதுங்கினேன். டாலி ஆன்ட்டி எழுந்து நின்றாள், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“எனக்கு ஒண்ணும் வேணாம். அவளுக்குத் தலையப் பாரு. மிசின்ல மாட்டாத மாதிரி கட்டி உடு” என்று சொல்லிவிட்டுப் பச்சையம்மா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆன்ட்டி எதையும் கேட்கவில்லை. தலை வாரி, இறுக்கிப் பின்னி, சுற்றிக் கொண்டை போட்டு ஊசி குத்தினாள். மல்லிகாதான் தானாகச் சொன்னாள். வேலை கிடைத்த ஆத்திரத்தில் கோபால் சண்டை போட்டு அவளை வீட்டை விட்டுத் துரத்தியிருக்கிறான். ஆவடியில் ஒரு அறை வாடகைக்குப் பிடித்திருக்கிறாள். “அத்தையும் எங்கூடவே வந்துட்டாங்க ஆன்ட்டி” என்றாள். எனக்குத் தலை சுற்றியது. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு மருமகளோடு கிளம்பி வந்துவிட்டாளா இந்த அம்மா! பச்சையம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகம் துடைத்து முடிந்தது. மல்லிகா எழுந்தாள். மேசை மேல் தட்டு இருந்தது. ஆன்ட்டி கைகட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். மல்லிகா கண்ணாடியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், அவள் கை மெதுவாக அதன் பக்கம் போனது.

பச்சையம்மா பெஞ்சிலிருந்து பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். அவ்வளவு வேகம் அந்த உடம்பில் எங்கே இருந்ததோ. எல்லாம் பாழாய்ப்போனது என்று எனக்குத் தோன்றியது. எத்தனை தூரம் வந்தாலும் கடைசியில் மாமியார் மாமியார்தான் என்று நினைத்தேன். டாலி ஆன்ட்டியும் அதைத்தான் நினைத்திருப்பாள், முகம் விழுந்துவிட்டது.

“வேணாம்டி” என்றாள் பச்சையம்மா. பிடித்த கையை விடவில்லை. “கோபாலு கீழ டீக்கடையாண்ட நின்னுகினு கீறான். நாம எங்க போறோம் வர்றோம்னு பின்னாலயே வந்துகினு கீறான். ஒரு பொட்டு பாத்தா போதும், எழுதிப் போட்டுடுவான். நான் பெத்தவன், எனக்குத் தெரியாதா?”

மல்லிகாவின் கண் நிறைந்துவிட்டது. அந்த அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். பிறகு எங்களுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

“வேலை பர்மனென்ட் ஆவட்டும். நானே வச்சி உடறேன்.”